மலையில் பிறந்த வழக்குகளும் மலையின் வழக்கறிஞர் சங்கமும்

ஆறே வட்டங்கள் கொண்ட நீலகிரி மாவட்டம் நாட்டின் சட்டப் புத்தகங்களில் தன் அளவுக்கு மீறிய இடத்தைப் பிடித்திருக்கிறது. காடு என்பது எது என்ற கேள்விக்கு இந்திய நீதிமன்றங்கள் எடுத்தாளும் விடை, கூடலூர்ப் பக்கத்து மரவெட்டு குறித்து நிலம்பூர்க் கோவிலகத்தின் கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனுவில், 1996 டிசம்பர் 12 அன்று பிறந்தது. அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைக்குள் வைத்துப் பூட்டிய சட்டத்தையும் நீதிமன்றம் உரசிப் பார்க்கலாம் என்று ஒன்பது நீதிபதிகள் 2007 ஜனவரி 11 அன்று தீர்ப்பளித்த ஐ.ஆர். கோயலோ வழக்கும் கூடலூரின் ஜன்மி (பரம்பரை நிலவுடைமை) நிலங்களிலிருந்து கிளம்பியதுதான். சீகூர் யானை வழித்தடத்தில் எழுந்த விடுதிகளைப் பற்றிய 2020 அக்டோபர் 14 தீர்ப்பு அண்மைக்காலத்தது. நீலகிரியின் வழக்கறிஞர் வரலாற்றைப் பேச வருகிறவர்கள் வழக்கமாக இந்தப் பட்டியலை வாசித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போவார்கள். என் கட்சி வேறு. இந்தத் தீர்ப்புகள் மலையின் பெருமை. மலையின் வழக்கறிஞர் சங்கத்தின் வரலாறு இவற்றில் இல்லை. அந்த வரலாற்றை, நீதிமன்றம் என்ற பொது இடத்துக்குள் யார் நுழையலாம், நுழைந்தவர் மானத்தோடு நிற்க முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளில்தான் தேட வேண்டும். சங்கம் என்பது உறுப்பினரின் மன்றமா, பொதுச்சொத்தின் காவலா என்ற வழக்குக்கும் தீர்வு அங்கேதான் கிடைக்கும்.

முதல் மறுப்பு உடனே எழும் என்பது தெரியும். டெல்லியில் வாதாடிய மூத்த வழக்கறிஞரின் பெயர்தான் தீர்ப்பில் அச்சாகிறது. ஆனால் அந்த வழக்கின் வேர் கூடலூர் முன்சீப் கோர்ட்டில், உள்ளூர் வக்கீலின் மேசையில்தானே இருந்தது என்று கேட்கலாம். பாதி நியாயம் உண்டு. கூடலூரையே எடுத்துக்கொள்வோம். ஊச்டர்லோனிப் பள்ளத்தாக்கு 1873-இலும், நம்பாலக்கோட்டை, மூனநாடு, சேரங்கோடு அம்சங்களை (மலபாரின் வருவாய்ப் பிரிவுகளை) கொண்ட தென்கிழக்கு வயநாடு 1877-இலும் மலபாரிலிருந்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டன. நிர்வாகம் மாறியது, நில உரிமை மலபார் ஜன்ம முறையிலேயே இருந்தது. நூறாண்டு கழித்து அதைத் தீர்க்க வந்ததுதான் 1969-ஆம் ஆண்டுக் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம். 1972-இல் பால்மாடிஸ் தோட்ட வழக்கில், காடுகளை அரசிடம் ஒப்படைக்கும் பகுதி நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. நாடாளுமன்றம் 34-ஆம் திருத்தத்தின் மூலம் முழுச் சட்டத்தையும் ஒன்பதாம் அட்டவணைக்குள் கொண்டுபோய் வைத்தது. அப்படி வைத்தது செல்லுமா என்பதுதான் கோயலோ வழக்கு. கேள்வி அரசியல் சட்டத்தின் உச்சிக்குப் போய்விட்டது. கீழே, அந்த ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு நிலம் என்று முத்திரை விழுந்த மண்ணில் வீடு கட்டிக் குடியிருப்பவர் மின் இணைப்புக் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். அவருக்கு மனு எழுதிக் கொடுத்தவர் உள்ளூர் வக்கீல் என்பது உண்மை. ஆனால் அது ஒவ்வொரு வக்கீலும் தனித்தனியே செய்த தொழில். தோட்டக் கம்பெனிக்காக எழுதியவரும், குடியிருப்பவருக்காக எழுதியவரும், வனத்துறைக்காக எழுதியவரும் ஒரே சங்கத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தாம். எதிரெதிர்க் கட்சிகளின் வாதங்களைக் கூட்டிச் சங்கத்தின் கணக்கில் எழுத முடியாது. சங்கம் என்ற முறையில் எல்லோரும் சேர்ந்து எதைச் செய்தார்கள் என்பதே நம் கேள்வி.

சேர்ந்து செய்வதற்கான தேவை இந்த மலையில் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். நீலகிரி 1868-இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தபோது அதற்குக் கலெக்டர் கிடையாது, கமிஷனர் இருந்தார். முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். வரி வசூலும் நிர்வாகமும் நீதி விசாரணையும் அந்த ஒரே பதவியில் குவிந்திருந்தன. 1882-இல் கலெக்டர் பதவி வந்த பிறகுதான் மலை மற்ற மாவட்டங்களின் வரிசைக்கு வந்தது. வரி கேட்பவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவராக இருக்கும் இடத்தில் வக்கீலுக்கு மரியாதை எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கோடை வந்தால் சென்னை அரசாங்கம் கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறியது. கவர்னரும் செயலகமும் மாதக்கணக்கில் இங்கேயே இருந்தார்கள். உயர் நீதிமன்றம் மட்டும் சென்னையை விட்டு நகரவில்லை. அதிகாரம் பக்கத்திலும் நீதி தொலைவிலும் இருந்த ஊர் இது. தொலைவு இன்றும் குறைந்துவிடவில்லை. 2004-இல் மதுரைக் கிளை திறந்தபோது தென்மாவட்டங்களின் பயணம் சுருங்கியது. நீலகிரிக்காரர் மேல்முறையீட்டுக்கு இன்றும் சென்னைக்குத்தான் போக வேண்டும். ஆகவே இங்கே நடக்கும் முதல் விசாரணைதான் பெரும்பாலான ஏழைகளுக்குக் கடைசி விசாரணையும்கூட. கீழ்க்கோர்ட்டின் தரம் மலையில் இரண்டு மடங்கு முக்கியமாவது இதனால்தான். அந்தத் தரத்தை அன்றாடம் கூட இருந்து பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரே அமைப்பு வழக்கறிஞர் சங்கம்.

சென்னை மாகாணத்தில் சங்கங்கள் பிறந்த கதையில் பொதுநலம் முதலில் வரவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. 1865-இல் மெட்ராஸ் பார் அசோசியேஷன் தோன்றியது. அது பாரிஸ்டர்களின் கூட்டம். லண்டனில் படிக்காமல் இங்கேயே தேறி வாதாடிய வக்கீல்கள் 1889-இல் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். இன்றைய மெட்ராஸ் வழக்கறிஞர் சங்கத்தின் தாய் அதுதான். தொழில்மானமும் தன்மானமும் கலந்த காரணம். ஆனால் சட்டம் பின்னாளில் இந்தச் சங்கங்களின் தலையில் ஒரு பொதுக் கடமையைக் கட்டியது. 1879-ஆம் ஆண்டு லீகல் பிராக்டிஷனர்ஸ் சட்டம் வழக்குத் தரகர்களைப் பற்றிப் பேசுகிறது. கோர்ட் வாசலிலும் ரயில் நிலையத்திலும் கட்சிக்காரரை மடக்கி, கமிஷனுக்காக வக்கீலிடம் கொண்டுபோய் விடுகிறவர்கள் இவர்கள். அச்சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் தரகர்களின் பட்டியலைத் தயாரித்து ஒட்டலாம். பட்டியலில் பெயர் ஏறியவரை வளாகத்துக்குள் விடாமல் தடுக்கலாம். ஒருவர் தரகர் என்பதற்குச் சாட்சி யார்? 1926-இல் வந்த திருத்தம் விடை சொன்னது: அதற்கென்றே கூட்டப்பட்ட வழக்கறிஞர் சங்கக் கூட்டத்தில் பெரும்பான்மையோர் நிறைவேற்றும் தீர்மானமே அந்த ஆளின் பொதுப் பெயருக்குச் சான்று. சாதாரண மன்றத்தின் தீர்மானம் நீதிமன்றத்தில் சான்றாக ஏறாது. பூப்பந்து மன்றம் ஒருவரைக் கெட்டவர் என்று தீர்மானித்தால் அது அவர்கள் வீட்டு விவகாரம். வழக்கறிஞர் சங்கத்தின் தீர்மானத்துக்கு மட்டும் சட்டம் அந்த எடையைக் கொடுத்தது. கொடுத்ததைப் பறிக்கவும் இல்லை. பழைய 1879 சட்டத்தை ஒழித்த 2023-ஆம் ஆண்டு வழக்கறிஞர் திருத்தச் சட்டம், தரகர் பட்டியலை மட்டும் பத்திரமாக எடுத்து 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தில் 45ஏ பிரிவாக நட்டிருக்கிறது. சங்கம் உறுப்பினரின் தனிச்சொத்து என்பவர்கள் முதலில் இந்தப் பிரிவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கடமையை நீலகிரிச் சங்கம் எப்படிச் செய்தது என்பதற்கு அச்சில் ஏறிய ஆதாரம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதியில், 1998-ஆம் ஆண்டின் முதல் பாகத்தில், நீலகிரி வழக்கறிஞர் சங்கத்தின் பெயரிலேயே ஒரு வழக்கு வருகிறது. சட்டம் படித்துப் பதிவு பெறாமலேயே, கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, இந்த மாவட்ட நீதிமன்றங்களில் வழக்கறிஞராக நடித்த ஒருவரைப் பற்றியது. ஆள்மாறாட்டம், ஏமாற்று என்று குற்றம் உறுதியாயிற்று. ஆனால் விசாரணை நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விட்டுவிட்டது. சங்கம் அதை ஏற்காமல் உயர் நீதிமன்றம் போனது, அங்கே பலிக்கவில்லை. விடாமல் உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றங்களையும் நம்பி வந்த கட்சிக்காரர்களையும் ஏமாற்றிய ஒருவருக்கு இரக்கம் காட்டும் சந்தர்ப்பம் இது இல்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்து சிறைத்தண்டனையும் அபராதமும் விதித்தது. தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்வது அரசின் வேலை. அந்த வேலையை ஒரு மலை மாவட்டச் சங்கம் தன் செலவில், தன் பெயரில், உச்ச நீதிமன்றம் வரை ஏறிச் செய்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வழக்குரைஞர்களின் தீர்ப்புத் தொகுதிகளில் நன்னடத்தைப் பிணைக்கு எல்லை எது என்று தேடுகிறவர் கையில் இன்றும் இந்தத் தீர்ப்பு தட்டுப்படும்.

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது, தொழில் போட்டியாளரை விரட்டினார்கள், அவ்வளவுதானே என்று சந்தேகக்காரர்கள் கேட்பார்கள். எல்லாத் தொழிற்சங்கங்கள் மீதும் வரும் கேள்விதான் இது. இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்காக 1825-இல் அமைந்த லா சொசைட்டி நேர்மையற்ற தொழிலர்கள் மீது நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோதும் உள்நோக்கம் கற்பிக்க முடியும். உள்நோக்கம் இருக்கட்டும், விளைவைப் பாருங்கள். போலி வக்கீலால் உண்மை வக்கீலுக்குப் போகும் வருமானம் சொற்பம். கட்சிக்காரருக்குப் போவது வழக்கே. பதிவு இல்லாதவர் தாக்கல் செய்த வக்காலத்து செல்லாது. அவர் விட்ட வாய்தா, ஒத்துக்கொண்ட விஷயம், தவறவிட்ட காலக்கெடு எல்லாம் கட்சிக்காரரின் தலையில் விழும். அவர்மீது பார் கவுன்சிலில் புகார் சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் அவர் பார் கவுன்சிலின் ஆளே இல்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளி, 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறிய தாயகம் திரும்பியோர், பந்தலூர்ப் பக்கத்துப் பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரில் யாராவது வக்கீலிடம் பதிவு எண் கேட்பார்களா? அங்கியைப் பார்த்துத்தான் நம்புவார்கள். அந்த அங்கிக்கு உத்தரவாதம் கொடுப்பது சங்கத்தின் வேலை. உறுப்பினர் நலனும் பொதுநலனும் ஒரே திசையில் ஓடிய வழக்கு அது என்று வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்ட வழக்கில் கடமையைச் செய்வது சுலபம். இரண்டும் வேறு திசையில் ஓடும்போதுதான் சோதனை.

அந்தச் சோதனை கழிப்பறை வடிவில் வந்தது. ஊட்டி நீதிமன்றங்கள் பழைய கட்டடத்திலிருந்து காக்காத்தோப்பில் எழுந்த புதிய ஒருங்கிணைந்த வளாகத்துக்கு இடம் மாறின. பெண் வழக்கறிஞர்களுக்கென்று போதிய கழிப்பறை வசதி கிடையாது என்ற புகார் பழைய கட்டடக் காலத்திலிருந்தே இருந்தது; புதிய வளாகத்திலும் அது ஓயவில்லை. நீலகிரியின் பெண் வழக்கறிஞர்கள் தனிச் சங்கமாகத் திரண்டு இந்தியத் தலைமை நீதிபதி வரைக்கும் முறையிட்டார்கள். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் விடுமுறைக்கால அமர்வு சென்னை உயர் நீதிமன்றப் பதிவாளர் நாயகத்திடம் அறிக்கை கேட்டது. வந்த அறிக்கையில் விவரம் போதவில்லை என்று மறுபடியும் கேட்டு வாங்கியது. பெண்கள் வக்கீலாகத் தடையில்லை என்று சட்டம் இயற்றப்பட்டது 1923-இல். சரியாக நூறு வருடம் கழித்து, அந்த வக்கீல்கள் கால்கழுவ இடம் உண்டா என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் அறிக்கை மேல் அறிக்கை வாங்க வேண்டியிருந்தது.

கட்டடம் கட்டுவது பொதுப்பணித் துறை, இடம் ஒதுக்குவது உயர் நீதிமன்றம், இதில் சங்கத்தை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்பது சட்டப்படி சரி. நியாயப்படி சரியில்லை. போலி வக்கீலைத் தண்டிப்பதும் சங்கத்தின் சட்டக் கடமையாக இருக்கவில்லை. ஆனாலும் டெல்லி வரைக்கும் போனது. அந்த வேகத்தில் பாதி இந்தக் கோரிக்கைக்கும் வேண்டியிருந்தது. வசதி கேட்பதற்கே பெண்கள் தனியாக ஒரு சங்கம் அமைக்க நேர்ந்தது என்பதைச் சிலர் பிளவு என்று வருத்தத்தோடு பேசுகிறார்கள். அவர்களுக்கு 1889-ஐ நினைவூட்டுவேன். பாரிஸ்டர் சங்கத்தில் தங்கள் குரலுக்கு இடமில்லாத வக்கீல்கள் தனியே பிரிந்தபோது அதையும் பிளவு என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு அதைத் தொழிலின் வளர்ச்சி என்று எழுதுகிறோம். இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றே: பொது என்று பெயர் வைத்துக்கொண்ட அமைப்பு உண்மையில் யாருக்குப் பொது என்பதை வெளியே நிற்பவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். இது வழக்கறிஞர்களோடு முடிகிற விஷயமும் இல்லை. பெண் வழக்கறிஞருக்கே இந்த நிலை என்றால், காலை ஐந்து மணிக்குப் பந்தலூரில் பஸ் ஏறி, ஜீவனாம்ச வழக்குக்காக ஊட்டி வந்து, மாலை வரை தாழ்வாரத்தில் நிற்கும் பெண்ணைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கை எங்கே இருக்கிறது?

இனி பணத்துக்கு வருகிறேன். இந்த வாதத்தில் கடைசியாக நிற்கும் அரண் அதுதான்: சங்கம் சந்தாவில் நடக்கிறது, சந்தா கட்டியவர்களுக்கே பதில் சொல்லும். 1987-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வழக்கறிஞர் நல நிதிச் சட்டத்தைப் புரட்டுங்கள். பார் கவுன்சிலிடம் அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் அந்தச் சட்டத்தின் உறுப்புகள். வக்காலத்தில் ஒட்டும் நல நிதி முத்திரைதான் நிதியின் முக்கிய ஊற்று. அந்த முத்திரைக்குக் காசு கொடுப்பவர் யார்? நடைமுறையில் கட்சிக்காரர்தான். இறந்த வழக்கறிஞரின் குடும்பத்துக்கு அந்த நிதி கைகொடுக்கிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சங்கத்தின் அறை அரசுக் கட்டடத்தில், நல நிதி கட்சிக்காரர் காசில், தீர்மானத்துக்குச் சட்டம் தந்த சான்றுமதிப்பு என்று மூன்றையும் வைத்துக்கொண்டு, நாங்கள் தனியார் மன்றம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இதே அளவுகோலால்தான் நீதிமன்றப் புறக்கணிப்பையும் அளக்க வேண்டும். வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று ஹரீஷ் உப்பல் வழக்கில் அரசியல் சாசன அமர்வு 2002 டிசம்பர் 17 அன்று சொல்லிவிட்டது. அறிக்கை விடலாம், கறுப்புப் பட்டை அணியலாம், வளாகத்துக்கு வெளியே பதாகை பிடிக்கலாம் என்று வழியும் காட்டியது. தமிழ்நாட்டில் அதற்குப் பிறகும் புறக்கணிப்புகள் நின்றபாடில்லை. 2016-இல் வழக்கறிஞர் ஒழுங்கு விதிகளுக்கு எதிராக நடந்தது. அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது என்பதை உச்ச நீதிமன்றமே 2019-இல் அவ்விதிகளை நீக்கிக் காட்டிவிட்டது. கோரிக்கை சரியாக இருக்கலாம்; ஆயுதம் சரிதானா என்பதே என் கேள்வி. சமவெளியில் வாய்தா தள்ளிப்போனால் கட்சிக்காரர் அடுத்த வாரம் சைக்கிளில் வந்துவிடுவார். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. மழைக்காலத்தில் மண்சரிந்தால் பாதையே கிடையாது. பச்சைத்தேயிலை பறிப்பவருக்கு ஒரு நாள் கோர்ட் என்பது ஒரு நாள் கூலி நஷ்டம், பஸ் செலவு வேறு. புறக்கணிப்பின் விலையைக் கட்டுபவர் அதைத் தீர்மானித்த கூட்டத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. மலை மாவட்டச் சங்கம் ஒன்று மாநில அளவிலான புறக்கணிப்பு அழைப்புக்கு மட்டும் 'இங்கே முடியாது, வேறு வகையில் கண்டிக்கிறோம்' என்று தீர்மானம் போட்டால் அது துரோகமாகாது. ஊரின் நிலவியலை அறிந்தவர்கள் என்று பெயர் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டில் நலிவுற்ற தொல்பழங்குடிகள் என்று அடையாளம் காணப்பட்ட ஆறு சமூகங்களும் (தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்) இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். கீழ்க்கோர்ட்டுகளின் மொழி தமிழ். சாட்சியின் மொழி பல நேரம் வேறு. வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்துவிட்டது, அதன் கீழ் எழும் தகராறுகளில் சாட்சிக் கூண்டில் நிற்பவர் சொன்னதும் பதிவேட்டில் ஏறியதும் ஒன்றுதானா என்பதைச் சரிபார்க்க அந்த மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். நம்பத்தக்க மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து மாவட்ட நீதிபதியிடம் கொடுக்க எந்தப் புதுச் சட்டமும் வேண்டாம். தரகர் பட்டியல் தயாரிக்கச் சான்று கொடுக்கிற சங்கம் இந்தப் பட்டியலையும் தயாரிக்கலாம்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் ஆகிய ஐந்து ஊர்களிலும் உள்ள வழக்கறிஞர்களிடம் இரண்டு வேண்டுகோள். சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகங்கள் எந்த அலமாரியில் இருந்தாலும் எடுத்துப் படியெடுத்து, ஒரு பிரதியை நீலகிரி நூலகம் போன்ற ஒரு பொது இடத்தில் வையுங்கள். இந்த மலையின் நீதி நிர்வாக வரலாற்றை எழுதப்போகிறவருக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. இரண்டாவது, அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் கட்சிக்காரர்கள் காத்திருக்கும் இடம், அவர்களுக்கான கழிப்பறை, மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஆகிய மூன்றையும் முதல் பொருளாகச் சேருங்கள்.